இந்த ஓராண்டு எதற்காக?



பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து அழைப்புகள் வருவதுண்டு. தேவிகுளத்திலிருந்து அண்ணன் அழைப்பார். வண்டிப்பெரியாற்றிலிருந்து சித்தி அழைப்பார். கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ அட்டப்பாடி அகளியிலிருந்தோ மைத்துனர் அழைப்பார். "பிள்ளை நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். இப்போதே சேர்த்துவிடு என்கிறார்கள் சிலர். ஒரு வருஷம் பொறுத்துச் சேர்ப்பதுதான் நல்லது என்கிறார்கள் வேறு சிலர். நீங்கள் பட்டணத்தில் இருக்கிறீர்கள், நாலு பேரைத் தெரியும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

இந்தக் கேள்விக்கு அவசரமாய் விடை கொடாதிருங்கள். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு உங்கள் சம்பளத்திலிருந்து போகப்போகிறது என்பதற்காக மாத்திரம் இதைச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்து வீட்டில் ஓராண்டு என்பதற்குப் பட்டணத்து வீட்டில் இல்லாத ஒரு கனம் உண்டு. லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். தொழிலாளிக்கு வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். தாயோ தகப்பனோ ஓய்வு பெறும்போது, பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் சேர்ந்தாலன்றி, அந்த வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும். மூணாறில் 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் பல்லாயிரமாய்ச் சாலையில் வந்து அமர்ந்த பின்புதான் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று. அதற்குப் பின்னும் கூலி உயர்ந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கூலியில் சேமித்துச் சொந்த மண் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தாய்க்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுப் படிப்பில் பிள்ளை இவ்வாண்டே சேர்ந்தால், தாய் வேலையில் இருக்கும்போதே பிள்ளை ஓராண்டு சம்பளம் வாங்கியிருப்பாள். அடுத்த ஆண்டு சேர்ந்தால், படிப்பு முடிகிற மாதமும் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற மாதமும் ஒன்றாய் வந்து நிற்கும். இரண்டு ஆண்டு தள்ளினால், படிக்கிற பிள்ளைக்கு விடுமுறையில் திரும்பி வர வீடே இராது. ஓராண்டு காத்திருக்கக் கூடாது என்பதல்ல இதற்குப் பொருள். அந்த ஓராண்டு என்ன வாங்கித் தரும் என்று தெரிந்துகொண்டே அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

ஆலோசனை எங்கிருந்து வருகிறது?

"ஒரு வருஷம் இடைவெளி விட்டு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுச் சேர், அதற்குத்தான் மதிப்பு" என்னும் ஆலோசனை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. நம் சபைக் குடும்பங்களில் அங்கே நர்ஸாய்ப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் சிலர் இதே பெயருள்ள படிப்பைப் படிக்கிறார்கள். அவர்கள் சொல்லுவது பொய்யல்ல. அவர்கள் தேசத்தில் அது சரியான ஆலோசனையே. அதன் காரணத்தை அறிந்தால், அது இங்கே ஏன் பொருந்தவில்லை என்பதும் விளங்கும்.

இந்தத் தொழில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு தொடங்கியது. யூஜின் ஸ்டெட் என்னும் மருத்துவப் பேராசிரியர், கடற்படையில் மருத்துவ உதவியாளராய்ப் பணியாற்றித் திரும்பிய நால்வரைத் தெரிந்துகொண்டு பயிற்றுவித்தார். அவர்களில் மூவர் 1967இல் பட்டம் பெற்றனர். அந்த நால்வருக்கும் காயம் கட்டவும் நோயாளியைத் தாங்கவும் முன்னமே தெரியும். கையனுபவம் உள்ளவருக்கு மருத்துவ அறிவைக் கொடுப்பதே ஸ்டெட்டின் திட்டம். அந்த வேர் இன்றுவரை அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் இது இளநிலைப் பட்டத்திற்குப் பின் வரும் முதுநிலைப் படிப்பு. பெரும்பாலும் 27 மாதங்கள். சேர விரும்புகிறவர் நோயாளிகளை நேரில் கவனித்த மணிநேரங்களைப் பல கல்லூரிகள் கேட்கின்றன. சில 500 மணி, சில 1000 மணி, சில 2000 மணி என்று கேட்கும். வாரத்திற்கு 40 மணி வீதம் ஏறக்குறைய ஓராண்டு வேலை செய்தால் 2000 மணி ஆகும். ஆம்புலன்ஸ் உதவியாளராகவோ நர்ஸிங் உதவியாளராகவோ அந்த ஓராண்டைக் கழிப்பவன் வீணாய்க் காத்திருக்கவில்லை. கல்லூரி கேட்ட ஒன்றைச் சம்பாதிக்கிறான்.

நம் தேசத்திற்கு இத்தொழில் வந்த விதம் வேறு. இதய இரத்தக்குழாய் மாற்றுவழிச் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதல் 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்த டாக்டர் கே. எம். செரியன், சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் 1992ஆம் ஆண்டு இந்தப் பயிற்சியைத் தொடங்கினார். கேரளத்தில் பிறந்து சென்னையில் புகழ்பெற்ற அவர் 2025 ஜனவரியில் காலமானார். இன்று தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் இது பி.எஸ்சி. படிப்பாய் இருக்கிறது. கேரளத்தில் கொச்சி அமிர்தாவிலும் உண்டு. தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு வகுப்பும் அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் என்று இது அமைந்து வந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கக் கல்லூரி முன்கூட்டியே கேட்கிற அந்தக் கையனுபவத்தை நம் கல்லூரி படிப்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறது.

ஆகையால் பிளஸ் டூவுக்குப் பின் ஓராண்டு ஏதோ ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால் பி.எஸ்சி. சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. தமிழ்நாட்டின் அரசுக் கவுன்சலிங்கில் இந்தப் படிப்பும் இதன் சகோதரப் படிப்புகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன, கேரளத்தில் எல்.பி.எஸ். மையம் நடத்தும் பி.எஸ்சி. நர்ஸிங், பாராமெடிக்கல் சேர்க்கையும் அப்படியே. 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்திற்குப் பின் இத்துறைகளின் பாடத்திட்டங்களும் விதிகளும் திருத்தப்பட்டு வருகின்றன. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று ஆண்டுக்கு முன் எப்படிச் சேர்ந்தாள் என்று கேட்டு நின்றுவிடாமல், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைக் கையில் வாங்கி வாசியுங்கள்.

அமெரிக்கா போகும் எண்ணம் உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பயின்றவரே அங்கே உரிமத் தேர்வு எழுத முடியும். இங்கே பெற்ற பி.எஸ்சி. பட்டத்தைக் கொண்டு நேரே அங்கே இவ்வேலையில் அமர முடியாது. அங்கே போய் மறுபடியும் படிக்க வேண்டும். அப்படிப் போகிறவருக்கு, பட்டத்திற்குப் பின் இங்கேயோ அங்கேயோ நோயாளிகளோடு வேலை செய்த ஓராண்டு பயன்படும். அவர்களுடைய இடைவெளி ஆண்டு அங்கே வருகிறது; பிளஸ் டூவின் மறுநாளில் அல்ல.

மறைந்திருக்கும் கேள்வி

அப்படியானால் நம் வீடுகளில் "ஒரு வருஷம் பொறுக்கலாமா" என்று ஏன் கேட்கிறார்கள்? உள்ளதைச் சொல்லுவோம். பெரும்பாலான வீடுகளில் அது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைப் பற்றிய கேள்வியே அல்ல. நீட் தேர்வை இன்னொரு முறை எழுதி எம்.பி.பி.எஸ். இடம் வாங்கப் பார்க்கலாமா, அல்லது இதை எடுத்துக்கொண்டு மனநிறைவாய் இருக்கலாமா என்பதே கேள்வி. பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. தகப்பனும் சொல்லமாட்டார். உங்களிடம் தொலைபேசியில் கேட்கப்படுவது ஒன்று, மனதில் இருப்பது ஒன்று. பேச்சைத் தொடங்குமுன் அதை வெளியே வரச் செய்யுங்கள்.

வெளியே வந்த பின், நீட்டைப் பற்றிய உண்மைகளை மறைக்காமல் முன்னே வையுங்கள். 2025ஆம் ஆண்டு 22 லட்சத்திற்கும் மேற்பட்டோர் தேர்வெழுதினர், 12.36 லட்சம் பேர் 'தகுதி' பெற்றனர். தேசம் முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம், அவற்றில் ஏறக்குறையப் பாதிதான் அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. 'தகுதி பெற்றாள்' என்ற சொல்லைக் கேட்டவுடனே சபையில் சாட்சி சொல்லி இனிப்பு வழங்கி, பிறகு இடம் கிடைக்காமல் தலைகுனிந்த குடும்பங்கள் உண்டு. தகுதி என்பது கதவுக்கு வெளியே வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவே. உள்ளே போகிறவர் பத்தில் ஒருவர்.

மதிப்பெண் எத்தனை கூடும் என்று கணக்கிடுவதும் ஏமாற்றும். 2024இல் 720க்கு 720 வாங்கியவர்கள் பலர் இருந்தனர். 2025இல் இயற்பியல் வினாக்கள் கடினமாயிருந்தபடியால் தேசத்தின் முதல் மாணவர் வாங்கியதே 686. முந்தின ஆண்டு இடம் தராத மதிப்பெண் மறு ஆண்டு தாராளமாய் இடம் தந்தது. ஆகவே "இன்னும் எண்பது மார்க் கூட்டினால் போதும்" என்று சொல்லும் பயிற்சி மையத்தாரிடம், தரவரிசையில் எவ்வளவு மேலே வர வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையின் மாநிலத் தரவரிசை எண்ணையும், அதே பிரிவில் அவ்வாண்டு கடைசியாய் அரசு இடம் பெற்றவரின் எண்ணையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இந்த இரண்டு எண்களும் அலாட்மென்ட் பட்டியல்களில் கிடைக்கும்.

எண்கள் அருகருகே இருந்தால், ஓராண்டு தருவதற்கு நியாயம் உண்டு. முதல் தேர்வைப் பிளஸ் டூ பாடங்களுக்கு நடுவே, பயிற்சியின்றி, ஊரிலிருந்துகொண்டே எழுதிய பிள்ளைக்கும் நியாயம் உண்டு. பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, பிளஸ் ஒன்னில் திடீரென ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்த எஸ்டேட்டுப் பிள்ளைக்கு முதல் முயற்சி ஓர் அளவுகோலாகாது. (தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டுத் தேர்வு மையங்களில்தான் தரப்படுகிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் இருந்து தமிழில் எழுத விரும்புகிறவர் விண்ணப்பத்திலேயே தமிழ்நாட்டு மையத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை அறியாமல் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வருந்துவதில் பயனில்லை.) பாலக்காட்டில் 2014இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, இடுக்கியில் அதே ஆண்டு தொடங்கி நின்றுபோன கல்லூரி 2022இல் 100 இடங்களோடு மறுபடியும் தொடங்கியது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை.

ஆனால் எண்கள் வெகுதூரத்தில் இருக்கும்போது, பாலாவிலோ திருச்சூரிலோ கோயம்புத்தூரிலோ விடுதியோடு கூடிய ரிப்பீட்டர் வகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேலே கட்டி உட்கார வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அந்தப் பணம் பி.எஸ்சி. படிப்பின் ஓராண்டுச் செலவில் பெரும்பங்கைத் தாங்கும். இரண்டாம் முயற்சிக்குப் பின் மூன்றாம் முயற்சி என்று போகிற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீட் எழுத மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. சட்டம் வரம்பு வைக்காத இடத்தில் குடும்பம் வரம்பு வைக்க வேண்டும். ஒரே ஒரு முறை என்று பிள்ளையும் தகப்பனும் முன்னமே பேசி, தேதியையும் குறித்துக்கொள்வது நல்லது.

"பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிக்கிறேன்" என்று சில பிள்ளைகள் சொல்லும். தடை ஒன்றுமில்லை. ஆயினும் முதல் ஆண்டிலே உடற்கூறும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் வந்து நிற்கும். நீட்டின் இயற்பியலுக்கு அங்கே நேரம் இராது. இரண்டிலும் பாதி மனதாய் நின்று இரண்டையும் இழப்பதைக் காட்டிலும், ஒன்றைத் துணிந்து விடுவது மேல்.

சபையாரோடு சற்றுத் தாழ்மையாய் ஒன்று பேச வேண்டியிருக்கிறது. கன்வென்ஷன் கூட்டத்திலோ இராமுழுதும் நடக்கும் ஜெபத்திலோ, "இந்தப் பிள்ளையை மருத்துவராய்க் காண்கிறேன்" என்று ஒரு வார்த்தை உரைக்கப்படுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை, நான்கு முறை நீட் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்ச்சி பெறாதபோது அந்தப் பிள்ளை மதிப்பெண்ணுக்காக மாத்திரம் அழுவதில்லை; தன் விசுவாசத்திலே குறை உண்டோ என்றும் அழுகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் மேல் அந்தப் பாரத்தை வைக்க நமக்கு என்ன அதிகாரம்? வார்த்தையை உரைத்தவர்கள் ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை. போதகர்மார் இந்த மாதங்களில் பிள்ளைகளுக்காக ஜெபிக்கட்டும். இன்ன கல்லூரி, இன்ன படிப்பு என்று பெயர் சொல்லாதிருப்பார்களானால் பல வீடுகளுக்கு நன்மையாயிருக்கும்.

இதனோடு சேர்ந்ததே 'டாக்டர்' என்னும் பட்டத்தின் காரியமும். பிசிஷியன் அசிஸ்டென்ட் மருத்துவர் அல்லர். மருத்துவரின் மேற்பார்வையில், நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவார், உடலைப் பரிசோதிப்பார், வார்டில் மருத்துவரோடு சுற்றிவந்து குறிப்பெடுப்பார், அறுவை அரங்கில் துணை நிற்பார், வீட்டுக்கு அனுப்பும் குறிப்பை ஆயத்தம் செய்வார். தாமாகக் கிளினிக் வைத்து மருந்து எழுத அவருக்கு உரிமையில்லை. நம் தேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் 'பிசிஷியன் அசோசியேட்' என்னும் பெயரில் இத்தொழிலைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிரிட்டனிலோ அதே பெயர் நோயாளிகளைக் குழப்புகிறது என்று 2025 ஜூலையில் வெளிவந்த லெங் ஆய்வறிக்கை கூறி, 'அசிஸ்டென்ட்' என்றே அழைக்கும்படி பரிந்துரைத்தது. முதலாண்டு மாணவிக்கு ஸ்டெதஸ்கோப்பு மாட்டிப் படம் எடுத்து, 'டாக்டர்' என்று ஃபிளெக்ஸ் பலகை வைக்கும் பெரியப்பாமார் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். மருத்துவருக்கு அடுத்தபடி நிற்க மனமில்லாத பிள்ளை, எந்த ஆண்டு சேர்ந்தாலும் இந்த வேலையில் மகிழ்ச்சியாயிராது. மனமுள்ள பிள்ளைக்கோ இது அருமையான வேலை. தேனிக்கும் மதுரைக்கும் கொச்சிக்கும் சிகிச்சைக்குப் போகும் எஸ்டேட்டுத் தாய்மாருக்கு, தங்கள் நோயைத் தமிழிலே கேட்டு மருத்துவருக்கு எடுத்துச் சொல்லும் ஒருவர் வார்டில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஐந்து மாதம் ஏற்கெனவே உங்கள் கையில்

"எனக்கு ஆஸ்பத்திரி வேலை ஒத்துவருமா என்று தெரியவில்லை, அதற்காகத்தான் ஓராண்டு கேட்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையின் கேள்வி உண்மையானது. இரத்தத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் உண்டு. மயங்காவிட்டாலும், நாள் முழுவதும் வேதனையின் நடுவே நிற்க முடியாதவர்கள் உண்டு. அதைச் சேருமுன் அறிவது நல்லது. ஆனால் அதற்கு ஓராண்டு வேண்டியதில்லை. பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. பாராமெடிக்கல் வகுப்புகள் தொடங்க ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிவிடும். சில ஆண்டுகளில் அதற்கும் மேல். நடுவே ஐந்து மாதங்கள் இருக்கின்றன. நாம் அதை முடிவுக்குக் காத்திருக்கிற காலம் என்று சொல்லி உறங்கிக் கழிக்கிறோம்.

கேரளத்தில் வாழ்கிறவர்களுக்கு இவ்விஷயத்தில் மற்ற மாநிலத்தாருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2008ஆம் ஆண்டு கேரள அரசு வலிநிவாரணக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அதன்படி பஞ்சாயத்துகள் பாலியேட்டிவ் பராமரிப்பை நடத்துகின்றன. நர்ஸ் ஒருவர் வண்டியில் வீடுவீடாய்ப் போய், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனித்து வருவார். ஊர்த் தொண்டர்கள் கூடப் போகலாம். பிள்ளை சேர நினைக்கும் படிப்பு அதற்கு உகந்ததா என்று அறிய, இதற்கு மேலான பள்ளி இல்லை. படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவதை ஒருநாள் அருகில் நின்று பார்க்கட்டும். சிறுநீர்க் குழாய் மாற்றும்போது அந்தத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். சொட்டுச் சொட்டாய்க் கஞ்சி ஊட்டுகிற வீட்டாரோடு பேசட்டும். பத்து வீடு போய் வந்த பின்பும் பதினோராவது வீட்டுக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு ஓராண்டு யோசனை தேவையில்லை. நான்காவது வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருங்கள். லேப் டெக்னாலஜியோ ரேடியோகிராபியோ மருத்துவத் துறைக்கே சம்பந்தமில்லாத வேறு படிப்போ அவனுக்கு இருக்கிறது. கட்டணம் கட்டிய பின்பு அறிவதைக் காட்டிலும் இப்போது அறிந்தது இலாபமே.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாய்ச் சொல்ல வேண்டும். "ஒரு வருஷம் மட்டும் மில்லுக்குப் போய்ச் சம்பாதித்து, அடுத்த வருஷம் படி" என்று திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். உங்கள் தெருவிலேயே அவர்கள் விடுதி இருக்கக்கூடும். அவர்களில் திரும்பக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் சிலரே. கையில் சம்பளம் வந்ததும் வீட்டில் ஒரு கடன் அதற்காகக் காத்திருக்கும். தம்பியின் கட்டணம் காத்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்பார்கள். "சும்மாத்தானே இருக்கிறாள்" என்னும் பேச்சு எழும். ஆண்பிள்ளைக்கு ஓராண்டு என்பது பெரும்பாலும் ஓராண்டாகவே முடிகிறது. பெண்பிள்ளைக்கு அது அப்படி முடிவதில்லை. எனவே இடம் கையில் கிடைத்திருக்கும்போது, பணத்துக்காக மாத்திரம் ஒரு பெண்பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லும் வீட்டாரிடம், பட்டணத்தில் இருக்கும் நீங்கள் சற்றுப் பேசித்தான் ஆக வேண்டும். 7.5 லட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணை கேட்காத கல்விக் கடன் திட்டம் வங்கிகளில் இருக்கிறது. சொந்த நிலம் இல்லாத லயத்து வீட்டுக்கு அது முக்கியம். அந்தக் கடனுக்குக் கூட்டுக் கையெழுத்துப் போட நீங்கள் ஆயத்தமா என்பதும் உங்களிடம் கேட்கப்படாமல் கேட்கப்படுகிற கேள்விகளில் ஒன்று.

காத்திருப்பது சரியாகும் வேளைகளும் உண்டு. தகப்பன் நோயாய்க் கிடந்து, கவனிக்க வேறு ஆள் இல்லாத வீடு. மண்சரிவில் வீடு போய் இன்னும் கூரை இல்லாத குடும்பம். விரும்பிய அரசு இடத்துக்கு ஒரு பாடத்தில் சில மதிப்பெண்கள் குறைந்துபோன பிள்ளை. (கேரளத்தில் ஜூனில் நடக்கும் 'சே' தேர்வோடு ஒரு பாடத்தை மேம்படுத்திக்கொள்ள வழியுண்டு, அதை முதலில் பாருங்கள், ஓராண்டே மிஞ்சக்கூடும்.) அங்கீகாரத்தைக் காட்ட முடியாத கல்லூரியில் மாத்திரமே இடம் கிடைத்திருக்கிறது என்றால், தயங்காமல் காத்திருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கைகள் என்று கேட்டதற்குத் தாளில் விடை தராத கல்லூரியில் சேருவதைக் காட்டிலும் ஓராண்டு இழப்பது சிறிய இழப்பு. "கேன்டீன் மாடியில்தான் வகுப்பு, ஆஸ்பத்திரி பிறகு கட்டுவோம்" என்கிற கல்லூரிகள் எல்லைக்கு இருபுறமும் இருக்கின்றன.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குக் காத்திருப்பு பல வேளைகளில் ஆசையினால் வருவதில்லை, சான்றிதழினால் வருகிறது. நம் மக்கள் அதிகமாய் ஏமாறுவது இங்கேதான். ஒரு மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்று மறு மாநிலத்தில் இட ஒதுக்கீடு தராது. பீர்மேட்டில் பிறந்து கோயம்புத்தூரில் படித்த பிள்ளை, கேரளச் சான்றோடு தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு வந்தால் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத மருத்துவ இடங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கே. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று வேண்டுமானால், 1950க்கு முன்பே குடும்பம் அங்கே நிலையாய் வாழ்ந்ததைக் காட்டும்படி கேட்கிறார்கள். பாட்டனார் கங்காணியோடு மலையேறிய ஆண்டுக்குத் தோட்டத்துப் பதிவேடு தவிர வேறு சாட்சி இல்லாத வீடுகள் எத்தனையோ.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு முடிச்சு உண்டு. மதம் மாறிய பட்டியல் சாதியார் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தப் பட்டியலில் வருவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கேரளத்தில் அவர்களுக்கான கல்விச் சலுகைகள் வேறு; மருத்துவ இடங்களில் பிற பிற்பட்ட கிறிஸ்தவருக்கு 1 சதவீதம் என்று ஒரு பிரிவும் இருக்கிறது. பள்ளிச் சான்றில் ஒரு மதமும், ஞானஸ்நானப் பதிவில் வேறொன்றும், ரேஷன் அட்டையில் இன்னொன்றும் எழுதியிருக்கும் பிள்ளையின் விண்ணப்பம் எங்கே தடைபட்டு நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகையும் இந்தச் சான்றுகளைப் பின்பற்றியே வரும். நிர்வாக ஒதுக்கீட்டில் வெளிமாநிலக் கல்லூரியில் சேருகிறவர் அந்தத் தொகையை நம்பிக் கட்டணக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

இவையெல்லாம் சேர்க்கை அறிவிப்பு வந்த பின்பு ஓடித் திரட்டத்தக்கவை அல்ல. பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்து, வில்லேஜ் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் கேட்டு, தோட்டத்து அலுவலகத்தில் பாட்டனாரின் பெயர் உள்ள பழைய பதிவின் நகலை வாங்கி வைக்க வேண்டும். தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்கு ஒருமுறை போய்வர ஒருநாள் கூலி போகும்; ஊரில் இருக்கிறவர்களுக்கு அது பெரிது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நீங்கள் ஒருநாளை அதற்காக ஒதுக்கலாம். ஓராண்டு காத்திருப்பதென்றே தீர்மானித்துவிட்ட வீட்டாரும், அடுத்த ஆண்டு கல்லூரி கேட்கும் இடைவெளிச் சான்றை, நம்மவர் 'பிரேக் சர்டிபிகேட்' என்று சொல்லுகிறதை, எந்த அலுவலரிடம் எந்த வடிவில் வாங்க வேண்டும் என்று இவ்வாண்டு விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களை, ரிப்பீட்டர் வகுப்பு நடத்தும் எந்த மையத்திலும் கொடுத்துவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும்.